முதுமை காணா மோட்டார் வண்டிகள்

அறுபது வயதை எட்டியவர்களுக்கு அரசாங்கம் ஓய்வூதியம் வழங்கி வீட்டில் இருத்திவிடுகிறது. ஆயின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளிலே எழுபது வயதைத் தாண்டியும் ஓய்வு கேளாது உழைத்து வரும் ஒரு கூட்டத்தினரை நாம் இன்றும் காண்கிறோம். அதிகாலையில் சந்தைக்கு மரக்கறி மூடைகளைச் சுமந்து செல்வர். எட்டு மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வர். நண்பகலில் நோயாளரை மருத்துவமனையில் இறக்குவர். மாலையில் மணமக்களைக் கோவிலுக்குக் கொண்டு சேர்ப்பர். சற்றே இருமுவர், சற்றே புகைவர். ஆயினும் போக மாட்டேன் என்று சொல்லார். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் எனப் பெயர் கொண்ட பழைய கார்களையே கூறுகின்றோம் என்பதை வாசகர்கள் இதற்குள் உணர்ந்திருப்பர்.

பிற தேசங்களில் இவ்வயதுடைய கார் ஒன்றைக் கண்ணாடி மண்டபத்தில் நிறுத்தி, கயிறு கட்டி, தொடாதீர் என்று எழுதி வைப்பார்கள். நமது ஊரிலோ அதன் பின்னிருக்கையில் பலாப்பழமும், கூரையில் கட்டிலும், முன்னிருக்கையில் பாட்டியாரும் பயணம் செய்வர். முன்போலப் பெருந்தொகையாக இன்று அவை இல்லை என்பது மெய். இருக்கும் சிலவும் எத்துணைக் காலம் இருக்குமோ என்ற கவலை எமக்கு உண்டு. எமது வீட்டு முற்றத்திலும் அவற்றுள் ஒன்று நிற்பதால் அக்கவலை எமக்குச் சற்று அதிகம்.

மைனர் பிறந்த கதை

மொறிஸ் மைனர் என்ற கார் 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏள்ஸ் கோட் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக உலகினர் பார்வைக்கு வந்தது. அதனை உருவாக்கியவர் அலெக் இசிகோனிஸ். துருக்கியின் இஸ்மிர் என இன்று வழங்கும் ஸ்மேர்னா நகரில் 1906இல் பிறந்தவர். பிற்காலத்தில் மினி என்ற சிறிய காரையும் அமைத்துப் புகழ் பெற்றவர். சாதாரண குடும்பம் ஒன்று வாங்கக்கூடிய விலையில், பெரிய கார்களுக்குரிய நிதானத்துடன் ஓடும் சிறு கார் ஒன்று வேண்டுமென்பதே அவருடைய நோக்கம். மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நீளப்பாட்டில் இரண்டாக வெட்டச் செய்து, நடுவே நான்கு அங்குல அகலம் சேர்த்துப் பொருத்தினாராம். பொனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த நான்கு அங்குலத்தின் சாட்சியாக இன்றும் இருக்கிறது. நிறுவனத்தின் அதிபராகிய நபீல்ட் பிரபுவுக்கோ இந்த வண்டி பிடிக்கவில்லை. அவர் அதனை அவித்த முட்டையொன்றுக்கு ஒப்பிட்டுப் பழித்தார் என்பர்.

பிரபு பழித்ததை மக்கள் விரும்பினர். 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அத்தொகையை எட்டியது அதுவே முதன்முறை. அதன் நினைவாக ஏறத்தாழ 350 வண்டிகளுக்கு இளம் ஊதா நிறம் பூசி விற்றனர். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றபோது மொத்தத் தொகை 16 இலட்சத்தைக் கடந்திருந்தது. முதலில் 918 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பொருத்தப்பட்டது. ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் 1952இல் ஒன்றிணைந்த பின்னர் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், 1956இல் 948உம், 1962இல் 1098உம் வந்தன. முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாயிருந்தால் அவ்வண்டி 1956க்கு முற்பட்டதென்று மாணவர்கள் எளிதில் அறிந்துகொள்ளலாம்.

அக்காலத்தில் இலங்கைக்கு வந்த கார்களில் பெரும்பாலானவை பிரித்தானியாவிலிருந்தே வந்தன. குடாநாட்டில் அவற்றை வாங்கியோர் ஆசிரியர்கள், வைத்தியர்கள், புறக்கோட்டையில் கடை வைத்திருந்தோர், மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்துடன் மீண்டோர் ஆகியோர். வண்டியின் இலக்கத் தகட்டைப் பார்த்தே அதன் வயதைக் கூறுவோர் அன்று உண்டு. சீ.என்., ஈ.என்., ஈ.வை. என ஆங்கில எழுத்து இருந்தால் அது மூத்தது. 1957ஆம் ஆண்டிலிருந்து சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகட்டில் ஏறியதும், அதனை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் கிளர்ச்சி எழுந்ததும் நமது அரசியல் வரலாற்றின் ஓர் அத்தியாயம். ஒரு தகரத் துண்டுக்குள் எத்துணை வரலாறு அடங்கியிருக்கிறது!

1960களில் அந்நியச் செலாவணி குறைந்தது. கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் புதிய கார் என்பது பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாயிற்று. எனவே, இருப்பதைப் பேணுதல் என்ற பழக்கம் நமது மக்களுக்கு விருப்பத்தினால் வந்ததன்று, தேவையினால் வந்தது. கியூபா நாட்டில் 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அமெரிக்க வர்த்தகத் தடையினால் பழைய அமெரிக்கக் கார்களே வாடகை வண்டிகளாக ஓடி வந்த கதையும் இதனை ஒத்ததே. பாரதத்திலோ மொறிஸ் ஒக்ஸ்போட் காரே அம்பாசடர் என்ற பெயருடன் 1950களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியாகி வந்தது.

எளிமையே ஆயுள்

இத்துணை நீண்ட ஆயுளுக்குக் காரணம் யாது? இவ்வண்டிகளைச் செய்தோர், பழுது வரும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு செய்தார்கள் என்பதே எமது கருத்து. பொனற்றைத் திறந்தால் இயந்திரத்தின் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் காணலாம், கையால் தொடலாம். காபரேற்றர், பிளக்குகள், மின்பொறியை நான்கு பிளக்குகளுக்கும் பங்கிட்டளிக்கும் டிஸ்ரிபியூற்றர், டைனமோ, பெற்றோல் பம்பு என்று எண்ணினால் பத்து விரல்களுக்குள் முடிந்துவிடும். நான்கைந்து சாவிகளும், ஒரு திருப்புளியும், ஒரு துண்டு அரத்தாளும் இருந்தால் பெரும்பாலான பழுதுகளை வீதியோரத்திலேயே நீக்கிவிடலாம்.

மைனரின் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் அது டிக் டிக் என்று ஒலிக்கும். காபரேற்றர் நிரம்பியதும் மௌனமாகும். ஒலிக்கவேயில்லையெனில் பம்பின் முனைகள் கரி பிடித்துவிட்டன என்று பொருள். ஓயாது ஒலித்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்றுப் புகுகிறது. இவ்வாறு தன் நோயைத் தானே வாய்விட்டுக் கூறும் வண்டி இது. பற்றறி வலுவிழந்தால் வண்டியின் முன்புறத் துவாரத்தில் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றலாம். அவ்வாறு சுழற்றுவோர் பெருவிரலை மற்ற விரல்களுடன் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றி இறுகப் பிடித்தால், இயந்திரம் திடீரெனப் பின்னுக்கு உதைக்கும்போது பெருவிரல் முறிந்துவிடும். அப்படி முறிந்த விரலுடன் நமது ஊரில் வாழ்ந்த சாரதிகள் ஒருவரிருவரல்லர்.

மண்ணெண்ணெய்க் காலம்

எமது தந்தையார் பாடசாலை ஆசிரியர். 1955ஆம் ஆண்டின் மைனர் ஒன்றை அவர் மூன்றாவது கையாக வாங்கினார். வெயிலில் மங்கிய சாம்பல் நிறம், பிரிந்த முன்கண்ணாடி. எண்பதுகளில் அயலவர்கள் யப்பானியக் கார்களுக்கு மாறியபோது, தந்தையாருக்கும் மாற ஆசை இருந்தது, பணம் இருக்கவில்லை. ஆதலால் மைனர் தப்பிற்று.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் யுத்தம் மூண்டது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மாத்திரம் அருமையாகக் கிடைத்தது. யப்பானிய வண்டிகள் பல கொட்டில்களில் முடங்கின. அப்பொழுதுதான் கிழவர்களாகிய ஒஸ்ரினும் மைனரும் மீண்டும் வீதிக்கு வந்தனர்.

இது எவ்வாறு இயன்றது என்பதை மாணவர்கள் விளங்கிக்கொள்வது நன்று. பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாவதற்கு அதனினும் மிக்க வெப்பம் வேண்டும். ஆகையால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் தீப்பற்றாது. இயந்திரத்தைச் சிறிது பெற்றோலில் இயக்கிச் சூடேற்றிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், அச்சூட்டிலேயே அது ஆவியாகி எரியும். மேலும், மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காதது. மிகுந்த அழுத்தமுள்ள இயந்திரத்தில் அது காலத்துக்கு முன்னரே வெடித்துச் சுத்தியலால் அடிப்பது போன்ற ஓசையை எழுப்பி இயந்திரத்தைச் சிதைக்கும். எமது 803 இயந்திரத்தின் அழுத்த விகிதம் 7.2 மாத்திரமே. பிந்திய கால இயந்திரங்களின் விகிதம் இதனிலும் மிக உயர்ந்தது. பழைய வண்டியின் பலவீனமே இங்கு அதன் பலமாயிற்று. இத்தந்திரம் முற்றிலும் புதியதுமன்று. 1940களின் பிற்பகுதியில் வந்த பேகசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, பெற்றோலில் இயங்கத் தொடங்கிப் பின்னர் மண்ணெண்ணெயை ஒத்த எண்ணெயில் உழுவதற்கென்றே செய்யப்பட்டது.

மருத்துவமனையில் பயன்பட்டுக் கழிந்த சலைன் போத்தல் ஒன்றைப் பொனற்றின் கீழ்த் தொங்கவிட்டு, அதில் ஒரு சிறங்கை பெற்றோலை ஊற்றி, அதன் குழாயைக் காபரேற்றருடன் இணைப்பர். இயந்திரம் சூடேறியதும் குழாயை அடைத்துவிட்டு மண்ணெண்ணெய்க்குத் திருப்புவர். நோயாளிக்கு ஏற்றுவது போலக் காருக்கும் துளித்துளியாக ஏற்றப்பட்டது. ஊரெங்கும் நீலப் புகை, கண்ணெரிச்சல், உடுத்த துணியெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம்.

இதற்குரிய விலையை இயந்திரம் கொடுத்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களின் ஓரமாகக் கீழிறங்கி இயந்திர எண்ணெயுடன் கலக்கும். எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால், நாட்செல்ல எண்ணெய் குறைவதற்கு மாறாகக் கூடியிருக்கும். அறியாதோர் மகிழ்வர். அறிந்தோர் அஞ்சுவர். எண்ணெய் நீர்த்துப்போனால் தாங்குகளங்கள் தேய்ந்துவிடும். புதிய எண்ணெய்க்கு எங்கே போவது? வடித்து, தெளியவைத்து, மீண்டும் ஊற்றினார்கள். அது தவறென்று ஊற்றியவர்களுக்கும் தெரியும். வேறு வழி இருக்கவில்லை.

ஒரு மருந்துப் போத்தல்

எமது வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், சுவாமி படத்துக்குப் பின்னால், மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோல் இருந்தது. அதனைத் தொட எவருக்கும் அனுமதியில்லை. அடுத்த ஒழுங்கையில் திருமணம் நடந்தபோது மாப்பிள்ளையை அழைத்துவரக் காரைக் கேட்டார்கள். தந்தையார் காரைக் கொடுத்தார், போத்தலைக் கொடுக்கவில்லை. மாப்பிள்ளைத் தோழர்கள் காரைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். மணமகன் உள்ளே அமர்ந்திருந்தார். ஊர் சிரித்தது. எமக்கும் வெட்கமாயிருந்தது.

1993ஆம் ஆண்டு மாரிகாலத்தில் ஒரு நாள் இரவு, பின்வளவு வீட்டுச் சிறுவனைப் பாம்பு தீண்டிற்று. படலையில் தாயார் அழுத குரல் கேட்டதும் தந்தையார் எழுந்து போத்தலை எடுத்தார். நாம் கைபிடியைச் சுழற்றினோம். முதல் இரு சுற்றுக்கும் இயந்திரம் மௌனம் சாதித்தது. மூன்றாவது சுற்றில் உயிர் கொண்டது. ஆகாயத்தில் விமானம் வரக்கூடும் என்ற அச்சத்தினால் முன்விளக்கை ஏற்றவில்லை. ஒருவர் முன்னே சைக்கிளில் செல்ல, அவருடைய வெள்ளைச் சட்டையையே அடையாளமாகக் கொண்டு தந்தையார் வண்டியைச் செலுத்தினார். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியை அடைந்தபோது சிறுவனின் இமைகள் சோர்ந்து தொங்கின, மூச்சு இருந்தது. அவன் பிழைத்தான்.

மறுநாட்காலை தந்தையார் வெறும் போத்தலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். திருமண வீட்டார் அன்று மாலையே வந்து, தம்மிடமிருந்த பெற்றோலில் கால் போத்தலை அதில் ஊற்றிச் சென்றனர். இருதரப்பாரும் அதுபற்றி ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

1995 ஐப்பசி 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்தது. கொட்டும் மழையில் இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தனர். எமது மைனரில் பாட்டியாரும், இரு அயல்வீட்டு முதியவர்களும், ஒரு கைக்குழந்தையும் இருந்தனர். அடிக்கு அடி நின்று நகர்ந்த அக்கூட்டத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் கொதித்துவிடும். எனவே அதனை நிறுத்திவிட்டுத் தள்ளினோம். அன்றிரவு எமது கார் ஓடவில்லை. நாம் தாம் அதனை ஓட்டினோம். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் ஆறு மாதம் அது நின்றது. அதன் பின்னிருக்கையே பாட்டியாருக்குக் கட்டிலாயிற்று. வலிகாமத்தில் விட்டுவந்த கார்கள் பல திரும்பி வந்தபோது வெறுந் தகரக் கூடுகளாயிருந்தன. தள்ளிச் சென்றமையால் எமது மைனர் எஞ்சிற்று.

தட்டிவான்

கார்களைப் பற்றிக் கூறி, லொறிக் குலத்தைக் கூறாதுவிட்டால் குற்றமாகும். பழைய பிரித்தானிய லொறிச் சட்டத்தின்மேல் நமது தச்சர்கள் மரத்தினால் உடல் கட்டி, இருமருங்கும் திறந்துவிட்டு, நீண்ட வாங்குகள் பொருத்தி அமைத்ததே தட்டிவான். பின்புறத்தில் சங்கிலியில் தொங்கும் தட்டியில் வாழைக்குலையும், வெற்றிலைக் கூடையும், தேங்காய்ச் சாக்கும் ஏறும். கொடிகாமம் சந்தைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே இவை ஓடியதை நடுத்தர வயதினர் யாவரும் அறிவர். காலையில் சந்தைக்குச் செல்லும் பெண்கள் கூடையுடன் ஏறவும் இறங்கவும் வசதியாக, படியும் பக்கமும் அவர்களுக்கேற்பவே அமைந்திருந்தன. இறக்குமதியான எந்த வண்டியும் அச்சேவையை அவ்வளவு பொருத்தமாகச் செய்ததில்லை. பழைய இயந்திரத்துக்குப் புதிய உடல் கட்டித் தம் தேவைக்குத் தாமே வண்டி செய்துகொண்ட மக்களின் கைத்திறனுக்கு அது சான்று.

நாளாந்தப் பராமரிப்பு

இனி, பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தினருக்கும், வைத்திருக்க விரும்புவோருக்கும் சில கூறுவோம். எமது ஊர்க் கராஜில் ஐம்பது ஆண்டுகளாக வேலை செய்யும் முதியவர் ஒருவர் தந்தையாரிடம் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது: “மாஸ்ரர், கார் ஓடிக் கெடுறதில்லை, நிண்டு கெடுறது.” அதன் உண்மையை நாம் நன்கு அறிவோம். ஓடாத வண்டியில் பிறேக்குச் சிலிண்டர் துருவேறி இறுகும்; காபரேற்றரில் பெற்றோல் பிசினாகும்; எலி வயரைக் கடிக்கும். எனவே, வாரத்துக்கு இருமுறையேனும் ஐந்தாறு மைல் தூரம் ஓட்டுதல் வேண்டும்.

காலையில் வண்டியை எடுக்குமுன் எண்ணெயும் தண்ணீரும் பார்த்தல் முதற்கடமை. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது நமது பழக்கம். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லின் வழியே ஊறுவது. கேத்தலின் அடியில் படிவது போலவே இயந்திரத்தின் நீர்வழிகளிலும் படிந்து அடைக்கும். மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றினால் வண்டி கொதிக்கும் தொல்லை பெரிதும் குறையும்.

டிஸ்ரிபியூற்றர் முனைகளின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு; பிளக்கின் இடைவெளி 25 பங்கு; வால்வுகளின் இடைவெளி 12 பங்கு. இம்மூன்று எண்களையும் அளவுத்தகடு ஒன்றையும் வைத்துக்கொண்டால், ஏ-வரிசை இயந்திரமுள்ள மைனரின் சோர்வில் பாதியை வீட்டிலேயே நீக்கலாம்.

மைனருக்கே உரிய அபாயம் ஒன்றுண்டு. முன்சில்லுகளைத் தாங்கும் திருகுமுனைகளுக்குக் கிறீஸ் இடாது விட்டால், அத்திருகு தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சில்லு உள்மடிந்து வண்டி வீதியில் குந்திவிடும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிப்பது சிறு வேலை. அடிக்காது விடுவது பெரும் பிழை. பிறேக்கின் தலைச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டின் கீழே மறைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததால் அதனை மறந்துவிடுவோர் பலர். கால்விரிப்பைத் தூக்கி மாதந்தோறும் எண்ணெய் மட்டத்தைப் பார்க்க வேண்டும். நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த்தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் கைவிடும்.

இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளைக்கு நஞ்சாகிய ஈயம் போனது நன்மையே. ஆயினும் பழைய இயந்திரங்களில் வால்வு அமரும் இடங்களை அந்த ஈயப் படிவே தேயாது காத்தது. ஆகவே, இயந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றும் வாய்ப்பு வரும்போது, கடினமான உருக்கு வளையங்களை அவ்விடங்களில் பதிப்பித்துக்கொள்ளல் நலம்.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சாள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியினால், 1990களில் இவ்வண்டிக்கான பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பிறந்த வண்டிக்கு இங்கிருந்து மருந்து போயிற்று என்பது நாம் பெருமைப்படத்தக்கது.

குறைகளையும் மறைத்தல் தகாது. இவ்வண்டிகள் பிறந்த காலத்தில் இருக்கைப் பட்டி இல்லை. மோதினால் சாரதியின் நெஞ்சில் ஸ்ரியறிங் தண்டு பாயும். பிறேக்கு இன்றைய கார்களைப் போலச் சட்டென்று பிடிக்காது. எனவே பட்டி பொருத்துக. முன்செல்லும் வண்டிக்கு இருமடங்கு இடைவெளி விடுக. இரவில் நெடுஞ்சாலைப் பயணத்தைத் தவிர்க்க. இவ்வண்டி ஊருக்குள் உழைக்கப் பிறந்தது; பந்தயத்துக்கு அன்று.

விற்பதா, வைத்திருப்பதா?

2020ஆம் ஆண்டு பங்குனியில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் எரிபொருள் முற்றாக வறண்டது. மைல் கணக்கில் வரிசை நின்றது. அவ்வாண்டு ஆடியில் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்ற பங்கீட்டு முறை வந்தது. அப்போது எமது அயலில் இருந்த இளைஞர்கள் சிலர் மைனரைச் சுற்றி நின்று, மண்ணெண்ணெயில் ஓட்டிய விதத்தைக் கேட்டனர். சொன்னோம். ஆயின், அம்முறை மண்ணெண்ணெய்க்கே வரிசை நின்ற அக்காலத்துக்கு உதவவில்லை. பழைய அறிவு எல்லாப் பூட்டுக்கும் சாவியாகாது என்பதையும் நாம் கற்றுக்கொண்டோம்.

இறக்குமதி நின்ற அவ்வாண்டுகளில் எல்லாக் கார்களுக்கும் விலை ஏறிற்று. கொழும்பிலிருந்து கனவான் ஒருவர் எமது மைனரைப் பார்க்க வந்தார். இன்முகத்தினர், காரை உண்மையாகவே நேசிப்பவர். அவர் கூறிய தொகை தந்தையாரின் முழு ஆயுட்காலச் சம்பளத்திலும் அதிகம். வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். புதிதுபோல் ஆக்கி, கூரை வேய்ந்த மண்டபத்தில் வைத்து, ஆண்டுக்கொருமுறை அணிவகுப்பில் ஓட்டுவேன் என்றார். கனடாவில் வாழும் எமது தமையனார் விற்றுவிடும்படி எழுதினார். “அப்பாவுக்குப் பிறகு உதை ஆர் பார்க்கிறது? துருப்பிடிச்சுப் போகவிடாமல் ஒரு நல்ல கையிலை குடு” என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது.

நாம் சில நாள் ஆராய்ந்தோம். 2025 மாசியில் இறக்குமதி மீண்டும் திறந்தபோது, விலை இறங்குமுன் முடிவு செய்யும்படி பலரும் கூறினர். முடிவைச் செய்தவர் கராஜ் முதியவரே. ஒருநாள் அவர் டிஸ்ரிபியூற்றர் முனையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கை நடுங்கி அளவுத்தகடு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்த எமது தமக்கையாரின் மகனிடம், “தம்பி, நீயே வைச்சுப் பார், எனக்குக் கண் பிடிக்குதில்லை” என்றார். பதினேழு வயதுப் பையன் தகட்டை வைத்தான். இறுக்கமாயிற்று. தளர்த்தினான். மீண்டும் வைத்தான். முதியவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இயந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும், “இனி வாற கிழமை காபரேற்றர்” என்றார்.

அவரிடம் வேலை பழக எவரும் வருவதில்லை என்பதை நாம் அன்றுதான் சிந்தித்தோம். இன்றைய கராஜில் கணினியைப் பொருத்திப் பழுதை அறிகின்றனர். அது காலத்தின் தேவை. ஆனால் காதினால் கேட்டு, மூக்கினால் மோந்து, விரலினால் தொட்டு நோயறியும் கலை அவருடன் போய்விடும். வண்டியை மண்டபத்தில் வைத்தால் வண்டி மாத்திரம் எஞ்சும். அதனை நாள்தோறும் ஓட்டினால் வண்டியுடன் அதனைப் பேணும் கையும் எஞ்சும். கொழும்புக் கனவானுக்கு நன்றி கூறிக் கடிதம் எழுதினோம். தமையனாருக்கும் எழுதினோம். அவர் மறுமொழியாக ஒரு பெட்டி பிளக்கும், ஒரு சோடி இருக்கைப் பட்டியும் அனுப்பி வைத்தார்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலோ அயலிலோ இத்தகைய வண்டி ஒன்று நின்றால், அதன் பொனற்றைத் திறந்து பாருங்கள். பௌதிகவியற் புத்தகத்தில் நீங்கள் படித்த வெப்பமும் அழுத்தமும் மின்பொறியும் அங்கே உயிருடன் இயங்கக் காண்பீர்கள். அருகில் ஒரு முதியவர் இருப்பாராயின் அவரிடம் கேளுங்கள். அவர் சொல்லக் காத்திருக்கிறார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. தந்தையார் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மருமகன் பொனற்றுக்குள் தலையை விட்டிருக்கிறான். மருந்துப் போத்தல் இன்றும் சுவாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதில் இப்போது பெற்றோல் இல்லை. இருந்தும் அதனை எறிய எமக்கு மனம் வரவில்லை. பம்பு டிக் டிக் என்று ஒலிப்பது கேட்கிறது. சந்தைக்குப் போகும் நேரமாயிற்று.